சின்ன டிராக்டர்: எதை இப்போதே கேட்டு வாங்குவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது?

வாசகர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அப்பா பார்த்துவந்த ஆறு ஏக்கர் நிலம் இப்போது இவர் பொறுப்புக்கு வந்திருக்கிறது. மூன்றரை ஏக்கரில் பழமரங்கள். வரிசைக்கு வரிசை 4 மீட்டர், தாழ்ந்த கிளைகள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே. இரண்டு ஏக்கரில் காய்கறி. மீதி புல்லும் புதருமான சரிவு. இதுவரை வாடகை டிராக்டரை நம்பியே காலம் ஓடியிருக்கிறது. மண் பதமாக இருக்கும் நாளில் அது வருவதில்லை என்பதால் சொந்தமாக ஒன்று வாங்க முடிவு செய்துவிட்டார்.

விற்பனையாளர் 45 எச்.பி. டிராக்டருக்கு ஒரு தொகுப்பு விலை கொடுத்திருக்கிறார். நான்கு சக்கர இயக்கம், முன்பக்க லோடர், பள்ளம் தோண்டும் பேக்ஹோ, புல்வெட்டி, டிப்பர் டிரெய்லர் எல்லாம் அதில் அடக்கம். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு என்கிறார். அதே கடையில் 27 எச்.பி. வண்டியும் இருக்கிறது. ஆனால் "அது புல் வெட்டத்தான் லாயக்கு" என்று தம்பி சொல்கிறாராம். பக்கத்துத் தோட்டக்காரர் தன்னுடைய பழைய 5 அடி ரோட்டாவேட்டரை, அதாவது சுழன்று மண்ணைக் கிளறும் கருவியை, குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மரத்தடியில் இடிக்கும், அதனால் வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்பு வளைவான ரோல்பாரைக் கழற்றிவிடலாம் என்று கடையிலேயே யோசனை சொன்னார்களாம். லோடர் பக்கெட்டில் ஆளை நிற்கவைத்து கிளை வெட்டலாமா, பழைய அடிமரங்களைக் கயிறு கட்டி இழுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். 68 வயதான அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் டிராக்டரை அவரும் ஓட்ட ஆசைப்படுகிறார்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, வேலைகளை மாதவாரியாக எழுதி அனுப்பியிருந்ததுதான். டிராக்டர் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் வண்டியின் பெயரிலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் வேலையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே பேசுவோம். வேளாண் பொறியாளராக நான் பார்த்தவரை, இந்த வாங்குதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். பின்னால் மாட்டும் கருவிகளை அடுத்த வருடமும் வாங்கலாம். வண்டியின் உடம்போடு பிறந்து வருகிற சில அம்சங்களை அப்புறம் சேர்க்கவே முடியாது. தொகுப்பு விலை உங்கள் கவனத்தை முதலாவதன் மேல் வைத்துவிடுகிறது. கவனம் போக வேண்டிய இடம் இரண்டாவது.

எச்.பி. என்ற ஒற்றை எண்

தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. சக்தி போதாமல் எஞ்சின் திணறும் வண்டியை வைத்துக்கொண்டு அவதிப்படுவது பெரிய தொல்லை. ஆனால் வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எச்.பி. எஞ்சினுடையது. உங்கள் ரோட்டாவேட்டரையும் புல்வெட்டியையும் சுழற்றுவது பின்பக்கத் தண்டான பி.டி.ஓ. அங்கே வந்து சேருவது ஏறக்குறைய 80 முதல் 90 சதவீதம். 27 எச்.பி. என்றால் பி.டி.ஓ.வில் 22 முதல் 24 வரை கிடைக்கும். விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய எண் இதுதான். விவரத்தாளில் தனியாகப் போட்டிருப்பார்கள்.

இந்த எண்ணை வேலையோடு பொருத்திப் பாருங்கள். சுழல் புல்வெட்டிக்கு, வெட்டும் அகலத்தில் அடிக்கு 5 பி.டி.ஓ. எச்.பி. என்று ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. 4 அடி புல்வெட்டிக்கு 20 போதும். 4 அடி ரோட்டாவேட்டரையும் மண் பதமாக இருக்கும்போது 27 எச்.பி. வண்டி சமாளிக்கும். உங்கள் பட்டியலில் இதைவிடக் கனமான சுழல் வேலை எதுவும் இல்லை.

சக்திக்கு அப்பால் இரண்டு விஷயங்கள் உங்கள் நிலத்தில் முக்கியம். ஒன்று அகலம். வரிசைக்கு வரிசை 4 மீட்டர் என்பது அடிமரத்திலிருந்து அடிமரத்துக்கு உள்ள தூரம். கிளை இருபுறமும் ஒரு மீட்டர் நீண்டிருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் பாதை 2 மீட்டர்தான். டயரின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 1.7 மீட்டர் அகலமுள்ள வண்டி அதில் நுழையும், ஆனால் ஒவ்வொரு சாலிலும் ஒரு கிளையை உரசிக்கொண்டே போகும். காய்ப்பு நேரத்தில் அது எவ்வளவு நஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாவது எடை. 45 எச்.பி. வண்டி 27 எச்.பி. வண்டியைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேலே கனக்கும். சரளையிலோ கட்டாந்தரையிலோ அது பெரிய விஷயமில்லை. காய்கறிப் பாத்தி மண்ணில் ஈரத்தோடு ஒரு தடவை ஓடினால் அடிமண் இறுகிப்போகும். அப்புறம் வேர் கீழே இறங்காது, தண்ணீரும் இறங்காது.

அதற்காக, எடை குறைவாக இருப்பதெல்லாம் நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். கலப்பையை இழுக்கும்போது வேலை செய்வது வண்டியின் எடையும் டயரின் பிடிப்பும்தான். எடை இல்லாத வண்டியில் எத்தனை எச்.பி. இருந்தாலும் சக்கரம் சும்மா சுழலும். சின்ன வண்டி என்றால் தேவைப்படும் நாளில் எடையைச் சேர்த்து, தேவையில்லாத நாளில் கழற்றிவிடலாம். கனமான வண்டியை இளைக்கவைக்க வழியில்லை. என் கருத்து: உங்களுக்கு 27 முதல் 30 எச்.பி. வரையிலான குறுகிய அகல வண்டி பொருந்தும்.

பிறகு சேர்க்க முடியாதவை

முதலில் கிளட்சும் பி.டி.ஓ.வும். மலிவான மாடல்கள் சிலவற்றில் ஒரே கிளட்ச் சக்கரத்தையும் பி.டி.ஓ.வையும் சேர்த்து நிறுத்தும். ரோட்டாவேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, கியர் மாற்ற மிதிக்கிறீர்கள் என்றால் அதுவும் நின்றுவிடும். இது வெறும் சலிப்பு. புல்வெட்டியில் நடப்பது ஆபத்து. கனமான பிளேடு வேகமாகச் சுழலும்போது கிளட்சை மிதித்தால், எஞ்சின் துண்டிக்கப்பட்டும் பிளேடின் சுழற்சி பி.டி.ஓ. வழியாகத் திரும்பி கியர்பாக்ஸுக்குள் போய்ச் சக்கரத்தைத் தள்ளும். நிறுத்த மிதித்தவர் மரத்தில் மோதுவார். நான் ஓட்டிப் பார்த்த ஒரு பழைய வண்டியில், மிதித்த பிறகும் வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு வேலி வரை போயிற்று. கால் முழுக்க அழுத்தியிருந்தது, வண்டி கேட்கவில்லை. ஆகவே தனித்து இயங்கும் பி.டி.ஓ. உள்ள மாடலையே கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், பாதி மிதித்தால் சக்கரத்தையும் முழுக்க மிதித்தால் பி.டி.ஓ.வையும் நிறுத்தும் இரட்டைக் கிளட்ச். இரண்டும் இல்லாத வண்டியில் புல்வெட்டி மாட்டுவதானால், ஒரு பக்கம் மட்டுமே சக்தி கடத்தும் ஓவர்ரன் கிளட்சைத் தண்டில் போடாமல் ஓட்டவே கூடாது.

அடுத்தது கியரா, ஹைட்ரோஸ்டேடிக்கா என்ற கேள்வி. ஹைட்ரோஸ்டேடிக்கில் பெடலை முன்னால் அழுத்தினால் முன்னே, பின்னால் அழுத்தினால் பின்னே. கிளட்ச் வேலை கிட்டத்தட்ட இல்லை. எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் கொஞ்சம் வீணாகும், அதனால் நாள் முழுக்க உழுகிறவர்கள் கியரைத்தான் விரும்புவார்கள். உங்கள் பட்டியலில் உழவு வருடத்துக்குச் சில நாட்கள். மரங்களுக்கிடையே முன்னும் பின்னும் போகிற வேலைதான் வாரம் முழுக்க. அப்பாவின் முழங்காலையும் சேர்த்து யோசித்தால் தராசு ஹைட்ரோஸ்டேடிக் பக்கம் சாய்கிறது. கியர் வண்டியே போதும் என்று முடிவானால், கிளட்சை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்று அப்பாவையே மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னே பின்னே போக ஸ்டியரிங் அருகில் தனி நெம்புகோல், அதாவது ஷட்டில், இருக்கிறதா என்றும் பாருங்கள். லோடர் வேலையில் நாளுக்கு நூறு முறை அதைத் தொடுவீர்கள்.

கருவிகளுக்கு எண்ணெய் அழுத்தத்தை அனுப்பும் ஹைட்ராலிக் வால்வுகளையும் இப்போதே எண்ணிக் கேளுங்கள். டிப்பருக்கு ஒன்று வேண்டும். லோடருக்குத் தனி நெம்புகோல், தனி வால்வு. பின்னால் இரண்டு இணைப்புகள் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை. பிறகு சேர்க்கலாம் என்பார்கள். சேர்க்கலாம்தான், ஆனால் குழாய், தாங்கி, கூலி என்று இரட்டிப்பாகச் செலவாகும்.

தூக்கும் திறனில் ஒரு நுட்பம் இருக்கிறது. விவரத்தாளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பின்னால் கருவியைப் பிடித்துத் தூக்கும் இணைப்புக் கைகளின் நுனியில் அளந்தது. உங்கள் கருவியின் கனம் அந்த நுனியில் உட்காருவதில்லை, அதற்குப் பின்னால்தான் இருக்கும். நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் எவ்வளவு தூக்கும் என்று கேளுங்கள். அந்த எண் கணிசமாகக் குறைவாக இருக்கும். கருவியின் எடையோடு ஒப்பிட வேண்டியது அதையே.

டயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆழமான முட்டுகள் உள்ள விவசாய டயர் மண்ணைப் பிடிக்கும். அகலமான, பக்கச் சுவர் கெட்டியான தொழில்வகை டயர் லோடர் வேலையைத் தாங்கும், ஆனால் சேற்றில் வழுக்கும். உங்களுக்கு முதல் வகை. பிறகு மாற்றும்போது, நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் டயரையும் பின் டயரையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவில்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கியர்பாக்ஸ் தேயும்.

லோடரும் அதன் பின்பக்க எடையும்

லோடர் உங்களுக்குத் தேவை. எரு அள்ள, மண் நிரவ, வெட்டிய கிளைகளைத் தள்ள வருடம் முழுக்க உதவும். பேக்ஹோவை விட்டுவிட்டு இதற்குச் செலவழிப்பது சரி. ஆனால் "வண்டி கனமானது, தனி எடை வேண்டாம்" என்று கடையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு.

ஒரு கணக்குப் போடுவோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 1.6 மீட்டர் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கெட் முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் இருக்கிறது. அதில் 300 கிலோ ஈர எருவை அள்ளுகிறீர்கள். முன் அச்சு தராசின் நடுப்புள்ளி மாதிரி ஆகிவிடுகிறது. பின் அச்சிலிருந்து சுமார் 280 கிலோ குறையும். முன் அச்சின்மேல் 580 கிலோ கூடும். நீங்கள் அள்ளியது 300, முன் அச்சு சுமப்பது கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. லோடர் சட்டத்தின் சொந்த எடை இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. பின்சக்கரத்துக்குப் பிடிப்பும் குறையும், பிரேக்கும் குறையும், ஏனென்றால் சின்ன டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான்.

பின் டயருக்குள் தண்ணீர் நிரப்புவது பலரும் செய்வது, நல்ல வழிதான். டியூப் வால்வை உச்சியில் வைத்து முக்கால் பங்கு வரை நிரப்புவார்கள். ஆனால் அந்த எடை பின் அச்சிலேயே உட்காருவதால் முன் அச்சின் பாரத்தை அது குறைக்காது. கருவியை மூன்று இடத்தில் பிடிக்கும் மும்முனை இணைப்பில் பின்னால் மாட்டும் எடைப்பெட்டி இரண்டு வேலையையும் செய்யும். அதே வண்டியில், பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் 300 கிலோ தொங்கினால், பின் அச்சில் சுமார் 470 கிலோ கூடும், முன் அச்சிலிருந்து சுமார் 170 கிலோ இறங்கும். எடைப்பெட்டியைத் தனியாக வாங்க வேண்டும் என்றில்லை. லோடர் வேலை செய்யும் நாளில் ரோட்டாவேட்டரையே, பி.டி.ஓ. தண்டைக் கழற்றிவிட்டு, பின்னால் மாட்டிவைத்திருக்கலாம்.

ஒரு பயிற்சி நாளில் இதை எல்லோரும் பார்க்கும்படி செய்தோம். சமதரை, பின்னால் எதுவும் மாட்டாத வண்டி, பக்கெட் நிறைய ஈர மண். மெல்ல உயர்த்தினோம். பக்கெட் இடுப்பு உயரம் வரும்போது பின் டயரின் உப்பல் குறைந்தது. நெஞ்சு உயரத்தில் டயருக்கும் தரைக்கும் நடுவே ஒருவர் காகிதத் தாளைச் செருகி எடுத்தார். வண்டி அசையவே இல்லை, அதனால் உட்கார்ந்திருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. சரிவில் அதே நிலையில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாரத்தோடு நகரும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேலே போகக் கூடாது.

பக்கெட்டில் ஆளை நிற்கவைப்பது பற்றி: வேண்டாம், ஒருபோதும் வேண்டாம். ஹைட்ராலிக் குழாய் ஒன்று பிய்ந்தால் பக்கெட் அந்த நொடியே விழும். நெம்புகோலில் கை பட்டாலே அது கவிழ்ந்து கொட்டும். அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கிளை வெட்ட நீளக் கைப்பிடி ரம்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரோல்பாரைக் கழற்றலாமா?

கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. உங்கள் நிலத்தில் சரிவு இருக்கிறது, வயதான ஒருவரும் ஓட்டப்போகிறார். புதிய டிராக்டர்களில் கவிழ்ப்புப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கும் விதியை ஸ்வீடன் 1959இலேயே கொண்டுவந்தது. அதன்பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது மிகவும் குறைந்துபோனது. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் இருக்கும் இடம் நசுங்காமல் காப்பதுதான் அந்த வளைவின் வேலை. சீட் பெல்ட் போட்டிருந்தால்தான் அந்த இடத்துக்குள்ளேயே நீங்கள் இருப்பீர்கள்.

உங்கள் கிளைப் பிரச்சினைக்கு மடக்கும் ரோல்பார் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். தாழ்ந்த கிளைக்கு அடியில் போகும்போது மடக்கி, வெளியே வந்ததும் நிமிர்த்திப் பின்னைப் போட வேண்டும். நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் கட்டாயம். மடக்கியிருக்கும்போது மட்டும் பெல்ட் போடாதீர்கள், அப்போது கட்டிவைத்திருப்பது உங்களையே நசுக்கும். நடைமுறையில் மடக்கியவர்கள் நிமிர்த்த மறந்துவிடுகிறார்கள். அதனால் முதல் வருடமே பாதையோரக் கிளைகளை உயர்த்திக் கவாத்து செய்துவிடுங்கள். பாதி இடங்களில் மடக்க வேண்டிய தேவையே போய்விடும்.

நான்கு சக்கர இயக்கம் இருந்தால் கவிழாது என்ற எண்ணமும் கடிதத்தில் தெரிகிறது. அது பிடிப்பைத் தரும், ஏற்றத்தில் இழுக்கும். இறக்கத்தில் முன் சக்கரமும் பிரேக்கில் பங்கெடுக்கும் என்பதால் சரிவுக்கும் லோடருக்கும் நான் அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் பக்கவாட்டில் சாய்வதை அது தடுக்காது. இரண்டு சக்கர இயக்கம் மட்டுமே உள்ள வண்டி ஏற முடியாமல் நின்றுவிடும் இடத்துக்கும் அது உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும். சரிவில் குறுக்கே ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். கெட்டியான சாலையில் அந்த இயக்கத்தை அணைத்துவிடுங்கள். முன்சக்கரம் சற்றே முந்திச் சுழலும்படி செய்திருப்பதால், வழுக்க வழியில்லாத தரையில் உள்ளே இருக்கும் பற்கள் முறுகும்.

அடிமரம் இழுப்பதில் ஒரு விதி உண்டு. சங்கிலியை, வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும்தான் மாட்ட வேண்டும். அச்சிலோ, மும்முனை இணைப்பின் மேல் கையான டாப் லிங்க் இருக்கும் மேல் துளையிலோ கட்டினால், அடிமரம் அசையாத நொடியில் வண்டி முன்னால் எழும்பிப் பின்பக்கமாக உருளும். அது முழுவதும் நடந்து முடிய ஒன்றரை வினாடி போதும். கிளட்சைத் தேடும் நேரம்கூடக் கிடைக்காது. கலப்பை எதிலாவது மாட்டி முன்சக்கரம் எழும்பும் இதே ஆபத்துக்குத் தீர்வு தேடியவர்களில் ஒருவர்தான் ஹாரி ஃபெர்குசன். இன்று எல்லா டிராக்டரிலும் இருக்கும் மும்முனை இணைப்பு அவருடைய வேலை. 1939இல் ஃபோர்டு டிராக்டரில் வந்து பரவியது. கலப்பை தடுக்கும்போது மேல் கை முன்பக்கத்தைக் கீழே அழுத்தும்படி அதை அமைத்தார். நீங்கள் அந்த மேல் துளையில் சங்கிலியைக் கட்டினால் அவர் செய்த பாதுகாப்பையே தலைகீழாக்குகிறீர்கள். உங்கள் பெரிய அடிமரங்களுக்கு ஒரு நாள் வாடகைக்குப் பெரிய இயந்திரம் வரவழையுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து ரோட்டாவேட்டர்

இணைப்பு எல்லா வண்டியிலும் ஒன்றுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வடிவம் ஒன்று, அளவு வேறு. சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் முதல் வகை இணைப்பு இருக்கும். கீழ்க்கை பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19. இரண்டாம் வகையில் கீழே 28, மேலே 25. ஒரு அளவுகோலை எடுத்துப்போய் அந்த ரோட்டாவேட்டரின் பின்னை அளந்துவிடுங்கள். 28 இருந்தால் அது உங்கள் வண்டிக்கானதே இல்லை.

பின் பொருந்தினாலும் 5 அடி ரோட்டாவேட்டர் பெரும்பாலும் 300 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் கேட்காமல் போகலாம். சுழற்றவும் உங்களிடம் உள்ள 22, 23 பி.டி.ஓ. எச்.பி. திணறும். ரோட்டாவேட்டரின் அகலம் பின் டயர்களின் வெளி விளிம்பை மூடினால் போதும். டயர் தடத்தை அது கிளறிவிடும், அதற்கு மேல் அகலம் உங்களுக்கு பாரம்தான். வண்டியின் அகலம் 1.2 மீட்டர் என்றால் 4 அடி சரியாக மூடும். குறைந்த விலை என்றாலும் இதை விட்டுவிடுவது நல்லது.

4 அடியில் புதிதோ பழையதோ எது வாங்கினாலும் மூன்றைப் பாருங்கள். பி.டி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்கிறதா? நிமிடத்துக்கு 540 சுற்று என்ற வேகத்தில் அந்தத் தண்டு வினாடிக்கு 9 சுற்றுச் சுற்றும். துப்பட்டா நுனியோ வேட்டி நுனியோ பட்டால் கையை விலக்குவதற்குள் ஆளையே இழுத்துவிடும். இரண்டாவது, தண்டின் நீளம். புதுத் தண்டு பெரும்பாலும் வண்டிக்கேற்ப வெட்டிப் பொருத்த வேண்டியது. வெட்டாமல் மாட்டி, கருவியைத் தூக்கும்போது அது முட்டினால் பி.டி.ஓ. பேரிங் போகும். விற்பவர் பொறுப்பில் அளந்து வெட்டித்தரச் சொல்லுங்கள். மூன்றாவது, கல் தட்டினால் எது முதலில் உடைய வேண்டும் என்ற ஏற்பாடு. ஷியர் போல்ட் என்றால் அது உடையத்தான் செய்யும். உடைகிறதே என்று கடினமான போல்ட்டைப் போட்டால் அடுத்த கல்லுக்கு கியர்பாக்ஸ் உடையும். அதே தரத்தில் பத்து போல்ட்டை வண்டிப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாரம் மிஞ்சும்போது உடையாமல் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச் உள்ள தண்டு என்றால், பருவத்துக்கு ஒரு முறை தளர்த்தி வழுக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் துரு பிடித்து ஒட்டிக்கொண்டு, இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும்.

தொகுப்பு விலையும் கையெழுத்தும்

தள்ளுபடி உண்மையானதாக இருக்கலாம். ஆனால் அது பேக்ஹோவையும் சேர்த்துத்தான். வருடத்துக்கு மூன்று நாள் பள்ளம் தோண்ட அதை வாங்கி மீதி நாள் கொட்டகையில் வைத்தால், தள்ளுபடி யாருக்கு? மும்முனை இணைப்பில் மாட்டும் பேக்ஹோ என்றால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தோண்டும் விசையில் அதன் சட்டம் எழும்பி, இருக்கையில் இருப்பவரை வண்டியோடு சேர்த்து நெருக்கக்கூடும். வண்டியின் பின்பக்க உடம்பும் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. கீழ்ச்சட்டத்தோடு வருவதுதான் முறையானது, அது விலை அதிகம். தோண்ட வேண்டிய நாளில் வாடகைக்கு எடுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை போட்டு எழுதித்தரச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு தகவல். கூடவே பி.டி.ஓ. எச்.பி., 610 மில்லிமீட்டரில் தூக்கும் திறன், வண்டியின் எடை ஆகியவற்றையும் தாளில் கேளுங்கள். உத்தரவாதம் வண்டிக்கு மட்டுமா, கருவிகளுக்குமா என்றும், வேறு நிறுவனத்தின் லோடரை மாட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்றும் எழுத்தில் வாங்குங்கள். தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ளாத லோடரையோ பேக்ஹோவையோ மாட்டியதால் முன் அச்சு உடைந்து, உத்தரவாதம் மறுக்கப்பட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். வாயால் சொன்ன வாக்குறுதியை அவர்களால் எங்கேயும் காட்ட முடியவில்லை. அந்த மாடலுக்கு ஃபில்டர், பெல்ட், ரோட்டாவேட்டர் பிளேடு எல்லாம் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் விலையைப்போலவே முக்கியம். பருவ நடுவில் ஒரு வாரம் நின்றுபோன வண்டி, வாடகை வண்டியைவிட மோசம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் நிலத்திலேயே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். கடை முற்றத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். மரவரிசையில் ஒரு சால், பாத்தியில் 4 அடி ரோட்டாவேட்டரோடு ஒரு சால், சரிவில் ஏறி இறங்கி ஒரு முறை. வரிசை முனையில் திரும்ப எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று குச்சி நட்டுப் பாருங்கள்.

வாங்கும் வரிசையைக் கேட்டீர்கள். வண்டி, லோடர், 4 அடி ரோட்டாவேட்டர் மூன்றும் முதலில். லோடரைத் தள்ளிப்போட நினைத்தால், அதே தயாரிப்பாளரின் லோடர் அந்த மாடலுக்கு இருக்கிறதா என்றாவது உறுதி செய்துகொள்ளுங்கள். சரிவில் புல் முழங்காலைத் தொடும் நேரம் புல்வெட்டி. டிரெய்லர் அடுத்த அறுவடைக்கு முன்னால், அதுவும் வண்டியின் எடையையும் சரிவையும் பார்த்துச் சின்னதாக. பாரம் ஏற்றிய டிரெய்லர் இறக்கத்தில் லேசான வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விடும், அதனால் டிரெய்லருக்கே பிரேக் இருந்தால் நல்லது. ஐந்து கொத்துக் கலப்பை வேண்டுமா என்பதை ஒரு பருவம் ரோட்டாவேட்டர் ஓட்டிய பிறகு மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வண்டி வீட்டுக்கு வரும் நாளில், கொண்டுவருபவரையே ரோல்பாரை மடக்கி நிமிர்த்திக் காட்டச் சொல்லி, பி.டி.ஓ. தண்டின் உறையைத் தொட்டுப் பார்த்து, எண்ணெய் அளவுகளைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு முதல் சர்வீஸ் 50 மணி நேரத்தில் வரும். புதுப் பற்கள் உரசி உதிர்த்த இரும்புத்தூள் எண்ணெயிலும் ஃபில்டரிலும் சேர்ந்திருக்கும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா ஓட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஓட்டட்டும். முதல் மாதம் சமதரையில், புல்வெட்டியும் லோடரும் இல்லாமல், பெல்ட் போட்டு. சரிவுக்கு நீங்கள் போங்கள். மரவரிசையின் உண்மையான இடைவெளியையும் தாழ்ந்த கிளையின் உயரத்தையும் அளந்து எழுதினால், நீங்கள் பார்த்திருக்கும் 27 எச்.பி. வண்டி உள்ளே நுழையுமா என்று சொல்கிறேன்.